சாப்பிட்ட கொழுப்பை இரத்த அணுவில் அளக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாப்பிட்டவரையே கேட்டால் தெரிந்துவிடுமே, இரத்தத்தை ஏன் எடுக்க வேண்டும்?

கேட்கத்தான் செய்கிறார்கள். உணவு ஆய்வுகளில் பெரும்பாலானவை இன்றைக்கும் கேள்வித்தாளை நம்பித்தான் நடக்கின்றன. கடந்த ஓராண்டில் மீன் எத்தனை முறை, பொரித்த பண்டம் எத்தனை முறை, பால் எத்தனை கோப்பை என்று பக்கம் பக்கமாகப் போகும். பதில் சொல்பவர் யாரையும் ஏமாற்ற நினைப்பதில்லை. ஆனால் மறந்துவிடுகிறார். கூடாது என்று கேள்விப்பட்டதைக் கொஞ்சம் குறைத்தும், நல்லது என்று கேள்விப்பட்டதைக் கொஞ்சம் கூட்டியும் எழுதிவிடுகிறார்.

கொழுப்பில் சிக்கல் இன்னும் கூடுதல். பழம் எத்தனை சாப்பிட்டோம் என்று எண்ணிவிடலாம், எண்ணெயை எண்ண முடியாது. வெளியில் வாங்கிய பண்டம் எந்த எண்ணெயில் பொரிந்தது என்பது சாப்பிட்டவருக்குத் தெரிய வழியே இல்லை. சரி, அவர் நேர்மையாகச் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு ஆய்வாளர் ஒரு உணவு அட்டவணையைப் பார்த்து 'பிஸ்கட் என்றால் இவ்வளவு டிரான்ஸ் கொழுப்பு' என்று கணக்குப் போடவேண்டும். தயாரிப்பாளர் எண்ணெயை மாற்றிப் பல மாதம் ஆகியிருக்கலாம், அட்டவணையில் பழைய எண்ணே இருக்கும்.

இரத்தத்திலும் பிழை வரும். ஆனால் அது வேறு வகைப் பிழை. மறதியாலும் கூச்சத்தாலும் வருவதில்லை. இரண்டு அளவுகளின் பிழைகளுக்கும் காரணம் வேறு வேறாக இருப்பதால்தான், ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்க முடிகிறது.

இரத்த அணுவில் எதைத்தான் பார்க்கிறார்கள்?

அணுவைச் சுற்றியிருக்கும் சவ்வை. சிவப்பணுவின் உள்ளே கொழுப்புத் துளி எதுவும் கிடையாது. அதன் கொழுப்பு முழுவதும் அந்த மெல்லிய சவ்வில்தான் இருக்கிறது. சவ்வின் முக்கியப் பொருள் பாஸ்போலிப்பிடு. ஒவ்வொரு பாஸ்போலிப்பிடு மூலக்கூறிலும் பொதுவாக இரண்டு கொழுப்பு அமிலங்கள் தொங்கிக்கொண்டிருக்கும். அவை எந்தக் கொழுப்பு அமிலங்கள், எந்த விகிதத்தில் என்பதுதான் பரிசோதனை.

சாதாரணமாக ஒருவருடைய சிவப்பணுவில் பால்மிடிக் அமிலம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். ஸ்டியரிக், ஓலியிக், அராகிடோனிக் ஆகியவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 சதவீதத்தை ஒட்டியும், லினோலியிக் அமிலம் 10 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும். மீனிலிருந்து வரும் டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலம் சில சதவீதம். மீதமெல்லாம் சில்லறை. ஆனால் அந்தச் சில்லறையில்தான் சாப்பாட்டைப் பற்றிய நல்ல தடயங்கள் இருக்கின்றன.

ஏன் குறிப்பாகச் சிவப்பணு? பிளாஸ்மாவில் பார்த்தால் ஆகாதா?

பார்க்கலாம், அணுக்களை நீக்கினால் மிஞ்சும் திரவமான பிளாஸ்மாவில்தான் பல பெரிய ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. வேறுபாடு காலத்தில் இருக்கிறது.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் கொழுப்பு டிரைகிளிசரைடாக இரத்தத்தில் மிதக்கும். நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்பதற்கு அது பதில் சொல்லும், போன மாதத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பிளாஸ்மாவின் பாஸ்போலிப்பிடும் கொலஸ்ட்ரால் எஸ்டரும் (கொழுப்பு அமிலம் ஒட்டிய கொலஸ்ட்ரால்) சில நாள் முதல் சில வாரம் வரையிலான கதையைச் சொல்லும். சிவப்பணு வாரங்களையும் மாதங்களையும். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புத் திசு ஒன்றிரண்டு ஆண்டுகளை. அந்தக் கடைசி வகைக்கு ஊசி வைத்துச் சதையிலிருந்து கொழுப்பை உறிஞ்ச வேண்டும் என்பதால் ஆயிரக்கணக்கானவர்களிடம் செய்வது கடினம்.

இந்தக் கால வேறுபாட்டை அழகாகக் காட்டியது நெதர்லாந்தைச் சேர்ந்த மார்ட்டின் காட்டானும் சகாக்களும் 1997-ல் வெளியிட்ட ஆய்வு. 58 ஆண்களுக்கு ஓராண்டு காலம் வெவ்வேறு அளவில் மீன் எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் உள்ள ஈபிஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலம், தன் உச்ச அளவில் பாதியை எட்ட, கொலஸ்ட்ரால் எஸ்டரில் சுமார் 5 நாள் ஆனது. சிவப்பணுவில் சுமார் 28 நாள். கொழுப்புத் திசுவிலோ ஓராண்டு முடிந்தும் ஏறிக்கொண்டே இருந்தது.

சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். எந்த நேரத்தில் இரத்தம் எடுத்தாலும் அதில் நேற்றுப் பிறந்த அணுவும் இருக்கும், நாளை அழியப்போகும் அணுவும் இருக்கும். அதனால் கிடைப்பது ஒரு சராசரி. சர்க்கரை நோயாளிகள் 'மூன்று மாதச் சர்க்கரை' என்று பார்க்கும் ஹெச்பிஏ1சி பரிசோதனையும் இதே ஆயுளை வைத்துத்தான் வேலை செய்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியமாகத் தெரிகிறது. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. கொழுப்பு அமிலத்தை அதனால் புதிதாக உண்டாக்க முடியாது. பிறக்கும்போது எலும்பு மஜ்ஜையில் கிடைத்தது, பிறகு பிளாஸ்மாவோடு கொடுக்கல் வாங்கலில் கிடைத்தது, அவ்வளவுதான் அதனிடம் இருக்கும். தானாக எதையும் சேர்க்கத் தெரியாத சாட்சி.

அப்படியென்றால் நான் ஒரு நாளைக்கு எத்தனை கிராம் கொழுப்பு சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுமா?

சொல்லாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சில சத்துகளுக்கு முழுக் கணக்கு எடுக்கும் வழி உண்டு. 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து அதில் நைட்ரஜனை அளந்தால், சாப்பிட்ட புரதத்தைக் கிட்டத்தட்ட கிராமில் சொல்லலாம். சோடியத்தை அளந்தால் உப்பைச் சொல்லலாம். கொழுப்புக்கு அப்படி எதுவும் கிடையாது. அது எரிந்து கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் போய்விடுகிறது, அல்லது உடலில் தங்கிவிடுகிறது. வெளியே வந்து கணக்குக் காட்டுவதில்லை.

சவ்வு எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். நீங்கள் கொழுப்பை இரட்டிப்பாகச் சாப்பிட்டாலும் சவ்வு இரட்டிப்பாகத் தடிக்காது. மாறுவது அதன் கலவை மட்டும். ஆகவே 'எவ்வளவு கொழுப்பு' என்ற கேள்விக்கு இங்கே பதில் இல்லை, 'எந்த வகைக் கொழுப்பு' என்ற கேள்விக்கு ஓரளவு பதில் இருக்கிறது. அதிலும் எல்லா வகைக்கும் ஒரே தரத்தில் இல்லை. ஒரு கொழுப்பு அமிலத்தை உடல் தானே தயாரிக்க முடியுமா, முடியாதா என்பதைப் பொறுத்துத்தான் பதிலின் தரம் அமையும். கீழே வரும் பெரும்பாலான பதில்களை இந்த ஒரு விதியிலிருந்தே நீங்கள் ஊகித்துவிடலாம்.

எந்த வகைகளை நன்றாகக் காட்டுகிறது?

முதலிடம் கடல் ஒமேகா-3-களான ஈபிஏ, டிஹெச்ஏ இரண்டுக்கும். உடல் இவற்றை மிகக் குறைவாகவே தயாரிக்கிறது, மீனும் மீன் எண்ணெயும் பாசி எண்ணெயும்தான் பெரிய வாயில்கள். மீன் கூடினால் சிவப்பணுவில் டிஹெச்ஏ கூடுகிறது என்பது திரும்பத் திரும்ப உறுதியான விஷயம்.

அடுத்தது டிரான்ஸ் கொழுப்பு. மனித உடல் டிரான்ஸ் கொழுப்பைத் தயாரிப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். அது அணுவில் இருந்தால் வாய் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயிலிருந்து வருவதும், அசைபோடும் விலங்குகளின் பாலிலும் இறைச்சியிலும் இயற்கையாக இருப்பதும் சற்று வேறுபட்ட வடிவங்கள். நல்ல கருவி இருந்தால் இரண்டையும் பெருமளவு பிரித்தே பார்க்கலாம். அமெரிக்காவின் செவிலியர் நல ஆய்வில் சேமித்து வைத்திருந்த இரத்தத்தை எடுத்து இப்படிப் பார்த்தபோது, சிவப்பணுவில் டிரான்ஸ் கொழுப்பு மிக அதிகமாக இருந்த கால்பங்குப் பெண்களுக்கு, மிகக் குறைவாக இருந்த கால்பங்கினரைவிட இதய நோய் ஆபத்து சுமார் 3 மடங்காக இருந்தது. 2007-ல் வெளியான முடிவு அது. கேள்வித்தாளை மட்டும் வைத்திருந்தால் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

சட்டம் வேலை செய்கிறதா என்று பார்க்கவும் இது உதவுகிறது. அமெரிக்காவில் டிரான்ஸ் கொழுப்பின் அளவை உணவுப் பொட்டலத்தின் சீட்டில் அச்சிடச் சொன்ன விதி 2006-ல் நடைமுறைக்கு வந்தது. 2000-க்கும் 2009-க்கும் இடையில் அங்கே வெள்ளை இன வயதுவந்தோரின் இரத்தத்தில் டிரான்ஸ் கொழுப்பு 58 சதவீதம் குறைந்திருந்தது. அந்த அளவீடு பிளாஸ்மாவில் செய்யப்பட்டது, சிவப்பணுவில் அல்ல. ஆனால் தர்க்கம் ஒன்றே.

மூன்றாவதாக லினோலியிக் அமிலம். சூரியகாந்தி, சோயா, சோளம் போன்ற எண்ணெய்களில் நிறைய இருக்கும் ஒமேகா-6 இது. உடலால் இதை உண்டாக்கவே முடியாது. இந்த அமிலம் உணவிலிருந்தே வந்தாக வேண்டும் என்று 1929, 1930-ல் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி எலிகளை வைத்துக் காட்டினார்கள். அப்படியானால் இது மிகச் சிறந்த குறிகாட்டியாக இருக்க வேண்டும் அல்லவா? சிவப்பணுவில் நடுத்தரம்தான். எல்லோருமே இதை ஓரளவு நிறையச் சாப்பிடுவதால் ஆளுக்கு ஆள் வேறுபாடு குறைவு, அணுவும் அதன் அளவை ஒரு வரம்புக்குள் வைத்துக்கொள்கிறது. லினோலியிக் அமிலத்துக்குக் கொழுப்புத் திசுவும் பிளாஸ்மாவும் மோசமில்லாத மாற்றுகள்.

பால் கொழுப்புக்கு 15 கார்பனும் 17 கார்பனும் கொண்ட ஒற்றைப்படைக் கொழுப்பு அமிலங்களைப் பார்ப்பார்கள். மாட்டின் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் உண்டாக்குபவை இவை. 15 கார்பன் வகை பரவாயில்லை. 17 கார்பன் வகையை மனித உடலும் கொஞ்சம் தயாரிக்கிறது என்று பிறகு தெரியவந்ததால் அதை மட்டும் தனியாக நம்புவது சரியல்ல.

நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது தெரியுமா? எல்லோரும் கேட்பது அதைத்தானே?

ஆமாம், அதைத்தான் கேட்கிறார்கள். அதைத்தான் இது காட்டாது.

பால்மிடிக் அமிலம்தான் நிறைவுற்ற கொழுப்புகளில் பிரதானம். உணவில் அது வருகிறது, உண்மை. ஆனால் மாவுச்சத்தும் சர்க்கரையும் தேவைக்கு மேல் போனால் கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றுகிறது, அப்படி மாற்றும்போது முதலில் உருவாவதும் இதே பால்மிடிக் அமிலம்தான். அணுவில் இருக்கும் மூலக்கூறைப் பார்த்து 'நீ வெண்ணெயிலிருந்து வந்தாயா, சர்க்கரையிலிருந்து வந்தாயா' என்று சாதாரணப் பரிசோதனையில் கேட்க முடியாது.

ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2014-ல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகக் காட்டியது. வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ள 16 பேருக்கு 18 வாரம் உணவைத் தாங்களே தயாரித்துக் கொடுத்தார்கள். கலோரி ஒரே அளவு. மாவுச்சத்தை மட்டும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை படிப்படியாக ஏற்றி, நாளொன்றுக்கு 47 கிராமிலிருந்து 346 கிராம் வரை கொண்டுபோனார்கள். அதற்கு ஈடாக நிறைவுற்ற கொழுப்பு 84 கிராமிலிருந்து 32 கிராமாக இறங்கியது. சாப்பாட்டில் நிறைவுற்ற கொழுப்பு இவ்வளவு சரிந்தும் இரத்தத்தில் அதன் விகிதம் பெரிதாக அசையவில்லை. அசைந்தது பால்மிடோலியிக் அமிலம். மாவுச்சத்து ஏற ஏற அதுவும் ஏறியது. கல்லீரல் கொழுப்புத் தயாரிப்பில் இறங்கியிருக்கிறது என்பதற்கு அது ஒரு அடையாளம்.

இதனால்தான் 'இரத்தத்தில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் இருந்தவர்களுக்கு இந்த நோய் வந்தது' என்று எங்காவது படித்தால், அவர்கள் வெண்ணெய் அதிகம் சாப்பிட்டார்கள் என்று உடனே முடிவு கட்டக்கூடாது. இனிப்புப் பானம் அதிகம் குடித்திருக்கலாம், மது குடித்திருக்கலாம். எட்டு ஐரோப்பிய நாடுகளில் நடந்த எபிக்-இன்டர்ஆக்ட் ஆய்வின் 2014-ஆம் ஆண்டு முடிவு இன்னொரு பாடம் சொன்னது. கார்பன் எண்ணிக்கை இரட்டைப்படையாக உள்ள நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் இரத்தத்தில் அதிகம் இருந்தவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் அதிகம் வந்தது, ஒற்றைப்படை வகை அதிகம் இருந்தவர்களுக்குக் குறைவாக வந்தது. எல்லாமே 'நிறைவுற்றவை' என்ற ஒரே பெயரில் அடங்குபவை. ஒரே கூடையில் போட்டுப் பார்த்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று மறைத்திருக்கும்.

ஓலியிக் அமிலத்துக்கும் இதே கதி. ஆலிவ் எண்ணெயில் அதுதான் பிரதானம், ஆனால் உடலும் அதைத் தாராளமாகத் தயாரிக்கும். தேங்காய் எண்ணெயில் நிறைய இருக்கும் லாரிக் அமிலமோ சவ்வில் ஏறக்குறைய தென்படாது. அதை உடல் சீக்கிரமே எரித்துவிடுகிறது.

இதுவும் கொலஸ்ட்ரால் பரிசோதனையும் ஒன்றா?

இல்லை. வழக்கமான லிப்பிடு பரிசோதனை பிளாஸ்மாவில் கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் எவ்வளவு ஓடுகின்றன என்று அளக்கிறது. இங்கே பேசுவது சவ்வின் கலவை. ஒன்று நன்றாக இருந்து மற்றது மோசமாக இருக்கலாம்.

ஒமேகா-3 இன்டெக்ஸ் என்று ஒன்று சொல்கிறார்களே?

சிவப்பணுவின் மொத்தக் கொழுப்பு அமிலங்களில் ஈபிஏ, டிஹெச்ஏ இரண்டும் சேர்ந்து எத்தனை சதவீதம் என்பதுதான் அது. வில்லியம் ஹாரிஸ், கிளெமென்ஸ் ஃபான் ஷாக்கி ஆகிய இருவரும் 2004-ல் முன்வைத்தார்கள். 8 சதவீதமும் அதற்கு மேலும் நல்லது, 4 சதவீதத்துக்குக் கீழே ஆபத்து அதிகம் என்பது அவர்கள் வகுத்த எல்லை.

எல்லைக்கோடு என்பதை இரும்புக்கோடாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 17 ஆய்வுகளின் தரவைச் சேர்த்து 2021-ல் வெளியான அலசலில், இரத்தத்தில் கடல் ஒமேகா-3 உயர்ந்த நிலையில் இருந்தவர்களுக்கு, தாழ்ந்த நிலையில் இருந்தவர்களைவிட இறப்பு ஆபத்து 15 முதல் 18 சதவீதம் குறைவாக இருந்தது. இது தொடர்பு மட்டுமே. மீன் சாப்பிடுபவர்களின் மற்ற பழக்கங்களும் வேறாக இருக்கலாம் என்பதைக் கணக்கில் கழித்துப் பார்த்தார்கள்தான், ஆனால் முழுவதும் கழிக்க எந்தக் கணக்காலும் முடியாது.

நான் மீன் சாப்பிடுவதில்லை, ஆளி விதை தினமும் சாப்பிடுகிறேன். இன்டெக்ஸ் ஏறுமா?

பெரிதாக ஏறாது. ஆளி விதையில் இருப்பது ஏஎல்ஏ என்ற தாவர ஒமேகா-3. அதில் பெரும்பகுதியை உடல் எரித்துவிடும். சிறு பகுதி ஈபிஏ ஆகும், டிஹெச்ஏ வரை போய்ச் சேருவது மிகக் குறைவு. பெண்களிடம் இந்த மாற்றம் ஆண்களைவிடக் கொஞ்சம் அதிகம். ஏஎல்ஏ சிவப்பணுவில் கால் சதவீதம்கூட இருக்காது என்பதால், அதை எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்பதையும் இந்தப் பரிசோதனை சரியாகச் சொல்லாது. அசைவம் வேண்டாம் என்பவர்களுக்கு இன்டெக்ஸை ஏற்றுவது பாசி எண்ணெய்தான்.

ஆய்வகத்தில் எப்படி அளக்கிறார்கள்?

உறையாமல் எடுத்த இரத்தத்தைச் சுழற்றிப் பிளாஸ்மாவையும், அதற்குக் கீழே மெல்லிய படலமாக நிற்கும் வெள்ளையணுக்களையும் நீக்கிவிட்டு, சிவப்பணுக்களை உப்புக் கரைசலில் கழுவுவார்கள். கழுவுவது சும்மா சம்பிரதாயம் அல்ல. ஒட்டியிருக்கும் பிளாஸ்மாவில் நேற்றைய சாப்பாடு இருக்கிறது.

அடுத்தது கொழுப்பைப் பிரித்தெடுப்பது. ஜோர்டி ஃபோல்ச் 1957-ல் வகுத்த முறையில் குளோரோஃபார்மும் மெத்தனாலும் 2-க்கு 1 என்ற விகிதத்தில் கலந்து பயன்படும். அதற்குப் பின் கொழுப்பு அமிலங்களை மெத்தில் எஸ்டர்களாக மாற்றி, வாயு குரோமட்டோகிராஃபிக் கருவியில் செலுத்துவார்கள். உள்ளே ஒரு நுண்குழாய் இருக்கும். டிரான்ஸ் வகைகளை ஒழுங்காகப் பிரிக்க வேண்டுமென்றால் 100 மீட்டர் நீளம், 0.25 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட குழாய் போடுவார்கள். ஒவ்வொரு கொழுப்பு அமிலமும் தனக்கான நேரத்தில் வெளியே வந்து திரையில் ஒரு முகடாகத் தெரியும். முகட்டின் பரப்பே அதன் அளவு.

முடிவுத்தாளில் எல்லாம் சதவீதமாக இருக்கிறதே, அதில் ஏதும் ஏமாற்றம் உண்டா?

உண்டு. எல்லாம் கூட்டினால் 100 வந்தாக வேண்டும். ஒன்று ஏறினால் வேறொன்று இறங்கியே தீரும். ஒருவர் மீன் எண்ணெய் மாத்திரை ஆரம்பித்து டிஹெச்ஏ ஏறியது என்றால், அராகிடோனிக் அமிலம் இறங்கியதாகத் தாளில் தெரியும். அவர் இறைச்சியைக் குறைத்தாரா என்று தேடிப் பயனில்லை, அவர் தட்டில் வேறு எதுவுமே மாறியிருக்காது. அராகிடோனிக் அமிலத்தை உடல் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும், உணவு மாற்றத்துக்கு அது எளிதில் அசையாது. ஒமேகா-6-க்கும் ஒமேகா-3-க்கும் உள்ள விகிதத்தை ஒரே எண்ணாகத் தருவதை நான் விரும்புவதில்லை. மேலே உள்ள எண் மாறியதா, கீழே உள்ள எண் மாறியதா என்பதை அது மறைத்துவிடுகிறது.

ஃப்ரீசரில் வைத்திருந்த பழைய இரத்தத்தை நம்பலாமா?

எந்த வெப்பநிலையில் வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். சிவப்பணு முழுக்க ஹீமோகுளோபின், அதில் இரும்பு. உறைந்து உருகும்போது அணு உடைந்து இரும்பு வெளியேறி, டிஹெச்ஏ போன்ற பல இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பு அமிலங்களை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். மைனஸ் 20 டிகிரியில் வைத்தால் சில வாரங்களிலேயே இழப்பு தெரியும். மைனஸ் 80 டிகிரியில் ஆண்டுக்கணக்கில் தாங்கும். மைனஸ் 20-ல் கெட்டுப்போன மாதிரியைப் பார்ப்பவருக்கு அது கெட்டது என்று தெரியாது, 'இவர் மீனே சாப்பிடுவதில்லை' என்றுதான் தோன்றும்.

வெறும் வயிற்றோடு போக வேண்டுமா?

கழுவிய சிவப்பணுவுக்கு அவசியமில்லை. பிளாஸ்மாவில் அளப்பதாக இருந்தால், ஆம்.

விரல் நுனியில் ஒரு துளி எடுத்துத் தாளில் காயவைத்து அனுப்புகிறார்களே, அது சரிதானா?

அந்தத் துளியில் இருப்பது முழு இரத்தம், அதாவது சிவப்பணு, பிளாஸ்மா எல்லாம் சேர்ந்தது. அதில் கிடைக்கும் எண்ணை ஒரு சூத்திரத்தால் சிவப்பணு எண்ணாக மாற்றிச் சொல்கிறார்கள். ஒமேகா-3-க்கு இது நன்றாகவே ஒத்துப்போகிறது. தாளில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள் தடவியிருக்க வேண்டும் என்பது முக்கியம்.

வெள்ளையணு, தட்டணுக்களில் பார்ப்பதில்லையா?

பார்க்கிறார்கள். தட்டணு 7 முதல் 10 நாள் வரைதான் உயிரோடிருக்கும், அதனால் அது காட்டுவது அண்மைக்காலத்தை. வெள்ளையணுவை நோய் எதிர்ப்பு, அழற்சி பற்றிய ஆய்வுகளில் அளப்பார்கள். உட்கரு உள்ள அணு என்பதால் கொழுப்பு அமிலங்களைத் தானே மாற்றியமைக்கவும் செய்யும், போதிய அளவு பிரித்தெடுக்க நிறைய இரத்தமும் வேண்டும். சாப்பாட்டை அளக்க மட்டும் என்றால் யாரும் அந்தச் சிரமத்தை மேற்கொள்வதில்லை.

யாருக்கெல்லாம் இது தவறாகக் காட்டும்?

சிவப்பணுவின் ஆயுள் குறைந்தவர்களுக்கு. தலசீமியா, அரிவாளணுச் சோகை, அணுக்கள் சிதையும் வேறு சோகைகள் உள்ளவர்களிடம் அணுக்கள் சீக்கிரம் மாறிக்கொண்டே இருக்கும், மூன்று நான்கு மாதச் சராசரி என்ற அடிப்படையே ஆடிப்போகும். அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டவரிடம் பார்த்தால், தானம் கொடுத்தவரின் சாப்பாட்டையும் சேர்த்துத்தான் படிக்கிறோம்.

கொழுப்பை உறிஞ்ச முடியாத குடல், கணைய நோயாளிகள் வேறு வகை. அவர்களிடம் எண் தவறில்லை, ஆனால் அது சாப்பிட்டதைக் காட்டாது, உறிஞ்சியதைத்தான் காட்டும். மருத்துவருக்கு அதுவே பயனுள்ள செய்தி. இங்கே மீட் அமிலம் என்ற ஒன்று கைகொடுக்கும். லினோலியிக் அமிலம் கடுமையாகக் குறையும்போது உடல் ஓலியிக் அமிலத்தை எடுத்து இதைத் தயாரிக்க ஆரம்பிக்கும். ரால்ஃப் ஹோல்மன் 1960-ல் இதற்கும் அராகிடோனிக் அமிலத்துக்கும் உள்ள விகிதம் 0.4-ஐத் தாண்டினால் பற்றாக்குறை என்று வரையறுத்தார். நரம்பு வழியாக மட்டுமே உணவு பெறும் நோயாளிகளிடம் மருத்துவர்கள் இந்த விகிதத்தை இன்றும் பார்க்கிறார்கள், சிலர் 0.2 என்ற கடுமையான எல்லையை வைத்துக்கொண்டு.

அப்புறம், மரபணு. கொழுப்பு அமிலச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பைச் சேர்க்கும் நொதிகளின் எஃப்ஏடிஎஸ் மரபணுக்களில் மனிதர்களுக்குள் நல்ல வேறுபாடு உண்டு. ஒரே சமையலைச் சாப்பிடும் இருவருக்கு அராகிடோனிக் அமிலம் வெவ்வேறாக இருக்க இதுவே போதும்.

கேள்வித்தாளும் இரத்தமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன?

செவிலியர் நல ஆய்வுப் பெண்களிடம் ஒப்பிட்டபோது, சிவப்பணு டிஹெச்ஏவுக்கும் அவர்கள் எழுதிய பதிலுக்கும் ஒட்டுறவுக் கெழு (தொடர்பே இல்லை என்றால் 0, முழுவதும் ஒத்துப்போனால் 1) 0.5-ஐச் சற்றே தாண்டியது. டிரான்ஸ் கொழுப்புக்கு 0.4-ஐ ஒட்டி. லினோலியிக் அமிலத்துக்கு ஏறத்தாழ 0.25. டிஹெச்ஏவிலும் டிரான்ஸ் கொழுப்பிலும் சிவப்பணு பிளாஸ்மாவை முந்தியது.

0.5 என்றால் பாதிதானே என்று தோன்றும். இரண்டு பக்கமும் பிழை இருக்கும்போது இதைவிட அதிகம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. இது தனி ஆளுக்குக் கிராம் கணக்குச் சொல்லப் போதாது. ஆயிரம் பேரை மீன் அதிகம் சாப்பிடுபவர், நடுத்தரம், குறைவு என்று வரிசைப்படுத்தப் போதும். ஆய்வுகளுக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த வரிசைதான்.

உணவை மாற்றச் சொல்லி நடத்தும் சோதனைகளில் இன்னொரு பயன் உண்டு. மாத்திரையை உண்மையிலேயே விழுங்கினார்களா என்பதை மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணிப் பார்ப்பதைவிட அணுவில் பார்ப்பது நம்பகம்.

நானும் செய்துகொள்ளலாமா?

மொத்தக் கொழுப்பையோ நிறைவுற்ற கொழுப்பையோ தெரிந்துகொள்ள என்றால் வேண்டாம், பணம்தான் செலவாகும். 20 கொழுப்பு அமிலங்களின் பெயரையும் வண்ண வண்ண வரைபடங்களையும் போட்டு வரும் அறிக்கையில், உங்கள் சாப்பாட்டைப் பற்றி நேரடியாகப் பேசும் வரிகள் நாலைந்துதான் இருக்கும். ஒமேகா-3 போதுமா, சாப்பிடும் மாத்திரை உடலில் சேர்கிறதா என்று பார்க்க என்றால் அர்த்தம் உண்டு. மாத்திரையையோ உணவையோ மாற்றிய மறு மாதமே பார்க்காதீர்கள், பாதி வழியில்தான் இருக்கும். நான்கு மாதம் கழித்துப் பாருங்கள், அதுவும் முதலில் பார்த்த அதே ஆய்வகத்தில். எத்தனை கொழுப்பு அமிலங்களைக் கூட்டி 100 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பது ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடும், அதனால் ஓரிடத்து 6 சதவீதமும் இன்னோரிடத்து 6 சதவீதமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.